டாஸ்மோட்டா நிறுவிய ஸ்மார்ட் பிளக்கில் நிலைகாட்டி விளக்கு ஏன் தலைகீழாக எரிகிறது? அதை எப்படி மாற்றுவது?

டாஸ்மோட்டா என்பது ஸ்மார்ட் பிளக் போன்ற சாதனங்களில், அவற்றோடு வரும் மென்பொருளுக்குப் பதிலாக நிறுவப்படும் மென்பொருள். நிலைகாட்டி விளக்கு என்பது பிளக்கின் முகப்பில் இருக்கும் சிறிய எல்இடி. பிளக் இயங்குகிறதா, வைஃபை இணைந்திருக்கிறதா என்பதைச் சொல்வதே அதன் வேலை.

பல பிளக்குகளில் இந்த எல்இடியின் ஒரு முனை 3.3 வோல்ட்டுடனும் மறுமுனை சிப்பின் காலுடனும் இணைந்திருக்கும். அந்தக் காலில் மின்னழுத்தம் இறங்கினால்தான் விளக்கு எரியும். வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால் திறக்கும் குழாயைப் போன்றது இது. அதை அறியாத மென்பொருள் திறப்பதாக நினைத்து மூடிவிடுகிறது. எனவே, அமைப்புப் பக்கத்தில் அந்தக் காலுக்கு 'லெட்' என்பதற்குப் பதிலாக, பெயரின் இறுதியில் 'ஐ' (i) என்ற ஆங்கில எழுத்து சேர்ந்த தலைகீழ் வகையைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான்.

விளக்கு எதைக் காட்ட வேண்டும் என்பதை கன்சோலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பக்கத்தில், 'லெட்ஸ்டேட்' (LedState) கட்டளை முடிவு செய்கிறது. 1 என்றால் பிளக்கின் ஆன், ஆஃப் நிலை. 0 என்றால் இயன்றவரை அணைந்திருக்கும். இணைப்பு அறும்போது சிமிட்டுவது தொல்லையாக இருந்தால் 'செட்ஆப்ஷன்31' என்பதை 1 ஆக்கலாம். படுக்கையறைக்கு அது நல்லதே. ஆனால் வைஃபை அறுந்ததும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு எல்இடிகள் இருந்தால் ஒன்றை 'லெட்லிங்க்' என அமைத்து இணைப்பு நிலைக்கே ஒதுக்கலாம். மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் காலிலேயே எல்இடியைப் பிணைத்திருக்கும் மாதிரிகளில் எந்தக் கட்டளையும் பலிக்காது.

விளக்கு அணைந்திருந்தால் பிளக்கில் மின்சாரம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். லெட்ஸ்டேட் 0 ஆக இருக்கும்போது விளக்கு அணைந்தே இருந்தாலும் ரிலே ஆன் நிலையில் இருந்து மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கலாம்.