நோராவின் கையெழுத்தும் நம் ஊர்ச் சிறுவாடும்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம் பாடமாக இருக்கிறது. அவள் வாசித்துச் சொல்லக் கேட்டேன். மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிற நோராவை எதற்காகக் கொண்டாடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கணவன் குடித்தானா, அடித்தானா? கோபத்தில் நான்கு வார்த்தை பேசினான். அதற்காகவா குடும்பத்தை விட்டுப் போவார்கள்?
(வாசகி, ஆழ்வார்குறிச்சி)

பதில்: 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் அந்த நாடகம் மேடையேறியபோது எழுந்த கேள்வியைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் கதவிலிருந்தே தொடங்குவதால் அதற்கு முன் நடந்தது கண்ணில் படாமல் போகிறது. நான் கடன் பத்திரத்திலிருந்து தொடங்குகிறேன்.

நோராவின் கணவன் டோர்வால்ட் கடுமையாக நோயுற்றிருந்தபோது, வெப்பமான தேசத்துக்கு அழைத்துச் செல்லாவிட்டால் ஆள் பிழைக்கமாட்டான் என்று மருத்துவர்கள் மனைவியிடம் மட்டும் சொல்கிறார்கள். கடன் வாங்குவதை இழிவாக நினைக்கிறவன் அவன். கணவனின் சம்மதமின்றி மனைவி கடன் வாங்க அக்கால நார்வேயில் வழியில்லை. ஆகவே நோரா தன் தந்தையின் ஜாமீனைக் காட்டி, குரோக்ஸ்டாட் என்பவனிடம் 4,800 குரோனர் வாங்குகிறாள். சாகக் கிடந்த தந்தையைத் தொந்தரவு செய்ய மனம் வராமல் அவர் கையெழுத்தையும் தானே போட்டுவிடுகிறாள். தந்தை இறந்தது செப்டம்பர் 29. கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேதியோ அக்டோபர் 2. செத்து மூன்று நாள் கழித்து ஒருவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று குரோக்ஸ்டாட் கேட்கும் இடம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த நாடகத்தின் உச்சம். கதவுச் சத்தம் பிறகுதான்.

அந்தக் கடனை அவள் அடைத்த விதம் நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிதாகத் தோன்றாது. துணிமணிக்குக் கிடைக்கும் பணத்தில் பாதியை மிச்சம் பிடிக்கிறாள். முந்தைய கிறிஸ்துமஸுக்கு அலங்காரப் பொருள்கள் செய்வதாகப் பொய் சொல்லி, மூன்று வாரம் அறையைப் பூட்டிக்கொண்டு, நள்ளிரவு வரை கூலிக்குப் பிரதி எழுதியிருக்கிறாள். சிறுவாடு என்று நாம் சொல்வது இதைத்தானே? முக்கூடல், ஆலங்குளம் பக்கம் சுளகை மடியில் வைத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று சுற்றிச் சுற்றியே, அடகுக் கடையில் இருக்கும் கம்மலைக் கணவனுக்குத் தெரியாமல் மீட்கிற பெண்ணுக்கு நோராவை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி உட்கார்ந்து சம்பாதித்தபோது தன்னை ஓர் ஆண் போல உணர்ந்ததாக நோரா தோழியிடம் சொல்கிறாள். அலுத்துப்போய்ச் சொல்கிற பேச்சுத்தான். ஆனால் அதிலே எவ்வளவு பெருமை!

இனி, கணவன் பேசிய நான்கு வார்த்தைக்கு வருகிறேன். குரோக்ஸ்டாட் எழுதிய கடிதத்தால் உண்மை தெரிந்ததும் டோர்வால்ட், ஊர் வாய்க்காக நீ இந்த வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் பிள்ளைகளை வளர்க்க உன்னிடம் விடமாட்டேன் என்கிறான். சற்று நேரத்தில் குரோக்ஸ்டாட் இன்னொரு கடிதத்தோடு பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். "நான் பிழைத்தேன்!" என்று டோர்வால்ட் துள்ளுகிறான். "நான்?" என்று அவள் கேட்ட பிறகுதான், நீயும்தான் என்று சேர்த்துக்கொள்கிறான். இரண்டு கடிதங்களுக்கு இடையில் கழிந்த அந்தச் சில நிமிடங்களில், எட்டு ஆண்டுக் கல்யாணம் எதன் மேல் நின்றது என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கணவன் முன்னே நிற்பான் என்று நம்பியிருந்தவள் அவள்.

பிள்ளைகளைப் பற்றிய உங்கள் வருத்தத்தை நான் தள்ளிவிடவில்லை. இப்சனும் அதைத் தள்ளவில்லை. அந்த வீட்டில் ஆன்-மரி என்றொரு தாதி இருக்கிறாள். நோராவை வளர்ப்பதற்காகத் தன் சொந்த மகளை அந்நியரிடம் கொடுத்துவிட்டு வந்தவள். ஏழை என்பதால் அவளை யாரும் கல்நெஞ்சக்காரி என்று சொல்லவில்லை. அந்த விசாரணையே எழவில்லை. பொய் சொல்லும் தாய் பிள்ளைகளைக் கெடுத்துவிடுவாள் என்று முதல் அங்கத்திலேயே போதித்தவனும் டோர்வால்ட்தான். அவன் பேச்சை அந்த வீட்டில் உண்மையாக எடுத்துக்கொண்டவள் நோரா ஒருத்திதான். தன்னையே இன்னும் வளர்த்துக்கொள்ளாதவள் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று அவள் கேட்பதில் அந்தப் பேச்சின் வடு இருக்கிறது.

கேள்வி: அதே காலத்தில் நெல்லையைக் களமாகக் கொண்டு எழுந்த மனோன்மணீயத்தின் பெண்களை நோராவோடு ஒப்பிட முடியுமா?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: அப்படியே பக்கத்தில் நிறுத்தினால் அதை எழுதிய சுந்தரம் பிள்ளைக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். 1891இல் வெளிவந்த அந்த நூல் அரசனும் அமைச்சனும் சுரங்கவழியும் கொண்ட கவிதை நாடகம். கூடத்து மேசையும் தபால் பெட்டியும் கொண்ட இப்சனின் யதார்த்தம் வேறு. ஆனாலும் கல்யாணம் பெரியவர்களின் கணக்காக இருப்பது இரண்டுக்கும் பொது. நடராஜனை விரும்பும் வாணியை, அமைச்சன் குடிலனின் மகன் பலதேவனுக்குக் கொடுக்கத் துடிக்கிறார் அவள் தந்தை சகடர். பாண்டிய அரசன் மகள் மனோன்மணியோ தந்தைக்கு நேர்ந்த நெருக்கடியைப் பார்த்து அதே பலதேவனுக்கு இசைகிறாள். சேரன் புருடோத்தமன் வந்து சேர்வதால் தப்புகிறாள். நம் நாடகம் மாலை சரியான கழுத்தில் விழுந்ததும் முடிகிறது. இப்சன் தன் நாடகத்தை மாலை விழுந்து எட்டு ஆண்டுக்குப் பிறகு தொடங்குகிறார். அந்த 1891ஆம் ஆண்டில்தான் உடலுறவுக்குப் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டமும் வந்தது. அதற்கே நாடெங்கும் பெரிய கூச்சல். அந்தக் காலத்தில், தந்தை காட்டியவனை வேண்டாம் என்று சொல்லும் வாணியைச் சிறிதாக எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: முடிவை இப்சனே மாற்றி எழுதினார் என்கிறார்களே, உண்மையா?
(மாணவர், பேட்டை)

பதில்: உண்மைதான். 1880இல் ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே, தான் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று மறுத்துவிட்டார். வேறு யாராவது கை வைத்துக் கெடுப்பதைவிடத் தானே கெடுப்பது மேல் என்று, பிள்ளைகளின் அறை வாசலில் நோரா தளர்ந்து விழுவதாக இப்சன் எழுதிக் கொடுத்தார்; அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று அவரே சொல்லவும் செய்தார்.

நோராவுக்கு மூலமாக இருந்த லாரா கீலரின் வாழ்க்கையை ஒட்டி வருவது, பார்க்கப்போனால், இந்த மாற்று முடிவுதான். அவரும் கணவரின் காசநோய்க்காக மறைவில் கடன் வாங்கியவர். விஷயம் வெளிப்பட்டதும் கணவர் அவரை மனநோய் விடுதியில் சேர்த்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே கணவர் அழைக்க, பிள்ளைகள் இருந்த வீட்டுக்கே லாரா திரும்பிப் போனார். எழுத்தாளராகப் பெயர் பெற்று 1932 வரை வாழ்ந்தவரை, கடைசிவரை ஊர் நோரா என்றே சுட்டிக் காட்டியது. அது அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை.