வெட்டு விழுந்த எழுத்துகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மரப்பெட்டிகளிலும் ராணுவ வண்டிகளிலும் காணப்படும், நடுவே வெட்டு விழுந்த தடித்த ஆங்கில எழுத்துரு எப்படி வந்தது? நாங்கள் தொடங்கவிருக்கும் உணவகத்தின் பெயர்ப்பலகையையும் விலைப்பட்டியலையும் அதிலேயே அமைக்கலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ‘ஸ்டென்சில்’ எனப்படும், எழுத்து வெட்டிய தகட்டைப் பெட்டியின்மேல் வைத்து, குட்டை மயிர்த் தூரிகையால் சாயத்தை ஒற்றி எடுக்கும் வேலையிலிருந்து பிறந்த வடிவம் அது. தகட்டில் ஆங்கில ‘ஓ’வை முழு வட்டமாக வெட்டினால் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும் என்பதால், அதை வெளித்தகட்டோடு பிடித்துவைக்க இரண்டு பட்டைகளை வெட்டாமல் விடுவார்கள், சாயம் படாத அந்த இடங்களே எழுத்தில் வெட்டாகத் தெரிகின்றன. ‘ஏ’, ‘பி’, ‘டி’, ‘ஆர்’ போன்றவற்றுக்கும் இதே கதிதான்.

அச்சுக்கோப்பில் அந்தப் பட்டைக்கு வேலையே இல்லை. ஆயினும் தோற்றத்துக்காக அதை வைத்துக்கொண்டு, 1937இல் அச்செழுத்து வார்க்கும் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ஜெரி பவல், ‘ஸ்டென்சில்’ என்ற பெயரிலேயே ஓர் எழுத்துருவை வரைந்தார். அதே ஆண்டில் அதே துறையைச் சேர்ந்த லட்லோ நிறுவனத்துக்காக ஆர். ஹன்டர் மிடில்டனும் அதே பெயரில் ஒன்றை வரைந்தது வேடிக்கையான ஒற்றுமை. பவலின் எழுத்துருவில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. கோடுகள் பருத்தும் முனைகள் மழுங்கியும் இருப்பதால், உரத்த குரலில் கட்டளையிடுவது போன்ற தொனி அதற்கு வந்துவிடுகிறது.

ஆகவே பெயர்ப்பலகைக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு சொற்களைப் பெரிதாக எழுதும்போதுதான் அதன் கம்பீரம் தெரியும். விலைப்பட்டியலுக்கு வேண்டாம். எழுத்தைச் சிறிதாக்கினால் வெட்டுகளுக்குள் மை பரவி அடைத்துக்கொள்ளும். முழுப் பக்கமும் பெரிய எழுத்தாகவே இருந்தால் இட்லி கேட்டு வந்தவர் அணிவகுப்பில் நிற்பதாக நினைப்பார்.

கேள்வி: தமிழில் இத்தகைய எழுத்துருவை வடிவமைக்க முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முடியும், ஆனால் எல்லா எழுத்துக்கும் நட்டநடுவே ஒரு செங்குத்து வெட்டைப் போட்டுவிட முடியாது. ட, ப, ர ஆகியவற்றில் மூடிய உள்வெளியே இல்லை. அவற்றுக்குத் தகட்டளவில் வெட்டே தேவைப்படாது, மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போவதற்காக மட்டுமே போட வேண்டியிருக்கும். க, ம, ல போன்றவற்றில் சுழியோ கட்டமோ மூடியிருப்பதால் பட்டை கட்டாயம். உண்மையான சிக்கல் சுழிகள் நெருங்கி நிற்கும் இடத்தில்தான். மூன்று சுழி ணகரத்தில் தவறான இடத்தில் வெட்டினால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது இரண்டு சுழி னகரமாகவே படும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடே ஒரு சிறு சுழிதான் என்பதால் அங்கும் இதே கவனம் வேண்டும். சுழியின் வளைவு தொடங்கும் இடத்தை விட்டுவிட்டு, கோடு நேராக ஓடும் இடத்தில் வெட்டுவது நல்லது.

வரைந்து முடித்ததும் கெட்டி அட்டையில் நான்கைந்து எழுத்துகளை வெட்டித் தூக்கிப் பாருங்கள். உள்துண்டு தளர்ந்து தொங்கினால் பட்டை மெலிந்திருக்கிறது என்று பொருள்; அதே அட்டையால் சுவரில் சாயம் ஒற்றி, பத்தடி தள்ளி நின்று படிக்கச் சிரமமாக இருந்தால் பட்டை தடித்துவிட்டது.