அரசுப் பள்ளிச் சீருடை தாத்தா காலத்திலிருந்து எப்படி மாறியது?

காமராஜர் காலத்தில் மதிய உணவோடு ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடையும் வந்தது. நோக்கம், கிழிசல் சட்டை வகுப்பில் யாரையும் பிரித்துக் காட்டக்கூடாது என்பதுதான்.

பிறகு நெடுங்காலம் பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர். ‘வளர்ற பிள்ளை’ என்று தொளதொளவெனத் தைத்து, கால்பக்கம் துணியை மடித்து விடுவார்கள். வருடாவருடம் ஒரு மடிப்பைப் பிரிக்கலாம். அதற்குள் பின்பக்கம் ‘தபால்பெட்டி’ திறந்துவிடும், அது வேறு கதை!

பெரிய மாற்றம் என் பார்வையில் பெண்பிள்ளைகளுக்குத்தான். பாவாடை தாவணியோடு சைக்கிள் மிதிப்பது லேசா என்ன? சக்கரத்தில் முந்தானை சிக்கும். சுடிதாருக்கு அந்தத் தொல்லை குறைவு. 2012 வாக்கில் ஆறாம் வகுப்பிலிருந்தே பையன்களுக்கு முழுக்கால் சட்டை, பெண்களுக்குச் சுடிதார் என்றானது. ஆண்டுக்கு நான்கு செட். தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். அளவு மட்டும் இன்னமும் கொஞ்சம் முன்னே பின்னேதான்.