பழைய கப்ல தங்கக் கோடு அழிஞ்சா திரும்ப சூளையில வைக்கலாமா?

பாட்டியோட டீ செட்ல தங்கக் கோடு அழிஞ்சுபோச்சு, திரும்ப பூசி சூளையில வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு வைக்காதீங்க. பல வருஷம் புழங்குன கப்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியா ஈரமும் டீக்கறையும் உள்ள இறங்கியிருக்கும், 700 டிகிரிக்கு மேல சூடு ஏறுறப்ப அது கரும்புள்ளியா வெளிய வரலாம், சில சமயம் கப்பே விரிசல் விட்டுடும், எனக்கு ஒரு சாசர் அப்படித்தான் போச்சு, இன்னும் மனசு ஆறல. அந்த செட்ல இருக்குற பூவும் தங்கமும் கிளேஸுக்கு (கப் மேல இருக்குற கண்ணாடி மாதிரி பளபளப்புப் பூச்சு) மேல போட்டது, தேய்ச்சா போயிடும், அதனால டிஷ்வாஷர் வேணாம், தங்கம் உலோகம்ங்கிறதால தீப்பொறி வரலாம், மைக்ரோவேவும் வேணாம். பெயிண்ட் பண்ண ஆசையா இருந்தா புது வெள்ளை போர்சலின் கப்ல அதே பூவ மெல்லிசா பூசி சுட்டு, மறுபடி பூசி சுடுங்க, ஒரே தடவை தடிமனா போட்டா உரிஞ்சுடும். தங்கத்தக் கடைசித் தடவை சுடுறதுக்கு முன்னாடிதான் பூசணும். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அந்த செட்ல தினமும் டீ குடிக்காதீங்க.