கணினி கேள்வி–பதில்: திருவிழா நேரலைக்குச் சொந்த சர்வர்

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியை இரண்டு வருடமாகச் சமூக வலைத்தளத்தில் நேரலையாகக் காட்டினோம். போன வருடம் பக்திப் பாட்டு ஒலித்ததும் பாதியில் சத்தத்தை வெட்டிவிட்டார்கள். இந்த வருடம் சொந்தமாக வீடியோ சர்வர் போடலாம் என்று பேசுகிறோம். பழைய கணினி ஒன்றைக் கோயில் ஆபீஸில் வைத்தால் போதுமா?
— கோயில் இளைஞர் குழுவில் ஒருவர், பாகான் செராய்

பதில்: போதாது தம்பி. கணினி பழையதாக இருப்பதில் குறை இல்லை. அதை வைக்கும் இடம்தான் தவறு.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கடை வைத்திருப்பது சுங்கை சிப்புட்டில் என்றாலும் நான் வளர்ந்தது பக்கத்துத் தோட்டத்தில். பால்மரம் போய் செம்பனை வந்தபின் லயத்துக் குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு என்று பிரிந்துவிட்டன. அவர்களுக்காகத்தான் நேரலை தொடங்கினேன். முதல் வருடம் கோயிலுக்கு எதிர்வீட்டு ஃபைபர் லைனில் சர்வரை மாட்டினேன். முதல் நாள் இரவு மூன்று போன்களில் பார்த்தோம், அருமையாக ஓடியது. மறுநாள் கரகம் பூக்குழியில் இறங்கும் நேரம், எல்லார் திரையிலும் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. அந்தத் தோட்டத்தில் 30 வருடம் பால் வெட்டிய என் அத்தை ஜொகூர் பாருவில் குளித்து, விளக்கேற்றி, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்தது அந்த வட்டத்தைத்தான். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

கணக்கு இதுதான். 720 தரத்தில் படம் அனுப்ப நொடிக்குச் சுமார் 3 மெகாபிட் வேண்டும். பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி போகிறது. நம் லைனில் வெளியே அனுப்பும் வேகம் 50 மெகாபிட் என்றால் 16 பேர்தான் தாங்கும். 17-ஆவது ஆள் வந்ததும் அவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் தடுமாறும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது உள்ளே வரும் வேகம். நமக்கு வேண்டியது அப்லோடு வேகம், அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே சர்வரை டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுங்கள். சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ இருந்தால் நமக்குப் பக்கம். கோயிலிலிருந்து ஒரே ஒரு பிரதி அங்கே போகட்டும், ஊருக்குப் பரிமாறும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் வெளியே அனுப்புவது மட்டும்தான் என்பதால் கோயில் லைனுக்கு நிலையான ஐபி முகவரியும் (மாறாத இணைய எண்) தேவைப்படாது.

கோயில் மடிக்கணினியில், கேமராப் படத்தை நேரலையாக அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருள் போதும். சர்வரில், வரும் படத்தை வாங்கிப் பரிமாறும் மீடியாஎம்டிஎக்ஸ் மென்பொருளைப் போடுங்கள். பார்க்கும் வலைப்பக்கமும் அரட்டைப் பெட்டியும் தயாராக வேண்டுமென்றால் அதற்குப் பதில் ஓன்காஸ்ட் நல்லது. இரண்டும் இலவசம். பலர் ஆர்டிஎம்பி என்ற பழைய வீடியோ அனுப்பும் முறையில், சர்வரின் 1935 என்ற போர்ட்டுக்கு (நுழைவாசல் எண்) அனுப்புவார்கள். அனுப்புவதற்கு அது சரி, பார்ப்பதற்கு உதவாது. 2020 கடைசியில் ஃபிளாஷ் என்ற பழைய பிளேயர் நின்றபின் எந்த பிரவுசரும் அதை ஓட்டுவதில்லை. பார்ப்பவர்களுக்கு எச்எல்எஸ் என்ற முறைதான். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த முறை அது. வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு அடுத்தது என்று ஒரு பட்டியலும் தரும். எல்லாம் சாதாரணக் கோப்புகள் என்பதால் எந்த வலை சர்வரும் பரிமாறும். கூட்டம் கூடினால் முன்னால் ஒரு சிடிஎன் (கோப்புகளின் பிரதியை வைத்துப் பல இடங்களிலிருந்து பரிமாறும் சேவை) வைத்துக்கொள்ளலாம். அப்போது துண்டுகளை அது நேரம் கழித்தும் வைத்திருக்கலாம், பட்டியலை மட்டும் ஓரிரு நொடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. ஓபிஎஸ்ஸில் கீஃபிரேம் (முழுப் படமாகப் போகும் பிரேம், துண்டை வெட்டுவது அங்கேதான்) இடைவெளியை 2 நொடி என்று வையுங்கள். அதைத் தானியங்கியாக விட்டால் துண்டுகள் தாறுமாறான நீளத்தில் விழும்.

480 தரத்தில் 1 மெகாபிட் பிரதி ஒன்றும் கட்டாயம் வேண்டும். பிரிபெய்டு டேட்டாவில் பார்க்கும் பாட்டிமார்கள் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் அதைச் செய்யும். ஆனால் சர்வரில் அதிகம் உழைக்கும் வேலை அதுதான், அதைப் பார்த்து பிராசஸரை எடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் மாத டேட்டா அளவைப் பாருங்கள். 3 மெகாபிட்டில் ஒருவர் ஒரு மணி நேரம் பார்த்தால் 1.35 ஜிபி. 200 பேர் 5 மணி நேரம் பார்த்தால் 1,350 ஜிபி. அளவு தாண்டினால் பில் வரும், அல்லது வேகம் குறையும். இரண்டுமே திருவிழா அன்று வேண்டாம்.

கோயிலில் ஃபைபர் இல்லை, 4ஜி தான் என்றால் ஆர்டிஎம்பியை விட்டு, தடுமாறும் லைனுக்கென்றே உள்ள எஸ்ஆர்டி முறையில் அனுப்புங்கள். வழியில் தொலைந்த டேட்டாத் துணுக்கை அது கேட்டு மறுபடி வாங்கிக்கொள்ளும். ஓபிஎஸ், மீடியாஎம்டிஎக்ஸ் இரண்டுக்கும் அது தெரியும். ஆனால் தேர் வரும்போது ஆயிரம் பேர் அதே டவரில் போன் பிடிப்பார்கள், அதற்கு எந்த முறையும் மருந்தல்ல. எதிர்வீட்டில் ஃபைபர் இருந்தால் 100 மீட்டருக்குள் கேபிள் இழுத்துவிடுங்கள்.

பேராக்கில் சாயங்கால இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மடிக்கணினி, மோடம், கேமரா மூன்றுக்கும் யூபிஎஸ் (மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வையுங்கள். மோடத்தை மறந்துவிடுகிறார்கள். ஓபிஎஸ்ஸில் பதிவும் ஓடட்டும், லைன் அறுந்தாலும் தீமிதி கையில் இருக்கும். அனுப்பும் கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அது யார் கையில் இருக்கிறதோ அவர் படம்தான் ஓடும். தளத்தைப் பாதுகாப்பாகத் திறக்க உதவும் இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் குறுகிய காலத்தில் காலாவதியாகும், தேதி பாருங்கள்.

அப்புறம், ஒரு வாரம் முன்னால் அதே மணிக்கு அதே லைனில் ஒத்திகை. முப்பது பேரைச் சொந்த டேட்டாவில் ஒரே நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அத்தையிடம் அதை நான் முதல் வருடமே கேட்டிருக்க வேண்டும்.

பாட்டு விஷயம்: சொந்த சர்வர் என்பதால் பாட்டின் உரிமை நமக்கு வந்துவிடாது. நம் பையன்களின் உறுமி மேளமும் கோயில் நாதஸ்வரமும் நேரில் ஒலிக்க, ஸ்பீக்கரில் சிடி எதற்கு?

கேள்வி: எங்கள் நேரலை 20 நொடி பின்தங்கி வருகிறது. பழுதா?
— வாசகி, தெலுக் இந்தான்

பதில்: இல்லைம்மா. மேலே சொன்ன எச்எல்எஸ் துண்டு பெரும்பாலும் 6 நொடி, பிளேயர் மூன்று துண்டு சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டும். அந்தச் சேமிப்புதான் லைன் ஒரு நொடி தடுமாறும்போது காப்பாற்றுகிறது. துண்டை 2 நொடியாக்கினால் தாமதம் குறையும், பலவீனமான லைனில் இருப்பவர்களுக்குத் திணறும். கோயிலுக்கு 20 நொடி இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: அப்பா எடுத்த கல்யாண வீடியோ கேசட்டுகள் நாற்பது இருக்கின்றன. குடும்பம் மட்டும் பார்க்க ஒரு சர்வர் வேண்டும்.
— வாசகர், கூலிம்

பதில்: இதற்கு ஜெல்லிஃபின் என்ற வீட்டு வீடியோ சர்வர் மென்பொருள் போதும், வீட்டுப் பழைய கணினியே தாங்கும். எல்லாவற்றையும் எச்.264 எம்பி4 என்ற பொதுவான வீடியோ வடிவத்துக்கு மாற்றி வைத்தால் பெரும்பாலான போன், டிவிகளில் மறுமாற்றம் இல்லாமல் ஓடும்.

ஆனால் ஐயா, சர்வர் அடுத்த மாதம் வாங்கலாம். கேசட்டை இந்த வாரம் பாருங்கள். நம் ஈரக் காற்றில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். கேசட்டில் உள்ள சிறு கண்ணாடி ஜன்னல் வழியே வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். பிளேயரில் டேப்பைப் படிக்கும் தலை அழுக்காகி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தனியாக வைத்து, டேப் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். நல்லவற்றை முதலில் மாற்றுங்கள், அதிலும் இப்போது இல்லாதவர்களின் குரல் இருக்கிற கேசட்டிலிருந்து தொடங்குங்கள்.