மிஸ்டரி குவில்டுக்கு என்ன நிறத்தில் துணி எடுப்பது?

அன்புத் தங்கைக்கு,

வேலை அனுமதி இல்லாத விசாவில் ஒஹாயோ வந்து, பக்கத்து நூலகத்தில் கூடும் குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) குழுவில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். இங்கே குளிர்காலம் நீளம். வாரம் ஒரு நாளாவது நாலு பேரோடு உட்கார்ந்து கைவேலை செய்வது பெரிய ஆறுதல்.

குழுவில் தைக்கப்போவது மிஸ்டரி குவில்ட். முடிவில் என்ன வடிவம் வரும் என்று காட்டாமல், "ஏ துணி அடர் நிறம், பி நடுத்தரம், பின்னணி வெளிர்" என்று நிறத்தின் அடர்த்தியைச் சொல்லும் பட்டியல் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அரக்கு, மயில் நீலம், மாம்பழ மஞ்சள் எடுத்தால் மற்றவர்கள் நடுவில் கண்ணை உறுத்துமா, ஊரிலிருந்து கொண்டுவந்த சுங்குடிப் புடவையை வெட்டிச் சேர்க்கலாமா என்பதுதானே உங்கள் கேள்வி?

நிறத்தைப் பற்றிய கூச்சமே வேண்டாம். உங்கள் மாநிலத்திலேயே ஹோம்ஸ் கவுண்டி என்று இருக்கிறது. நவீன வசதிகளைத் தவிர்த்து எளிமையாக வாழும் கிறிஸ்தவ சமூகத்தினரான ஆமிஷ் மக்கள் நிறைய வாழும் பகுதி. ஒருமுறை அங்குள்ள பெர்லின் ஊர்ப் பக்கம் போய் வாருங்கள். ஆமிஷ் மரபின் பழைய குவில்டுகளில் பூப்போட்ட துணியே இருக்காது. எல்லாம் ஒரே நிறத் துணி. அரக்கு, கத்தரிப்பூ நிறம், கருநீலம், அவற்றுக்கு நடுவே கறுப்பு. நம் கண்ணுக்கு அவ்வளவு பழக்கமான சேர்க்கை! அழுத்தமான நிறம் இந்த மண்ணுக்குப் புதிதே அல்ல.

ஆனால் உங்கள் மூன்று துணிகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நேரில் பார்க்கும்போது அரக்கும் மயில் நீலமும் அடித்துக்கொண்டு நிற்கும். படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். குவில்டில் பாதி வேலை, ஒரு சதுரத்துக்குள் இரண்டு முக்கோணங்களைச் சேர்த்துத் தைப்பதுதான். இரண்டும் ஒரே அடர்த்தியாக இருந்தால், பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது முக்கோணம் காணாமல் போய்விடும். நட்சத்திரம் வர வேண்டிய இடத்தில் ஒரு திட்டுதான் தெரியும். வடிவம் தெரிந்த குவில்டு என்றால் இடம் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். மிஸ்டரியில் எது எதற்குப் பக்கத்தில் வரும் என்று நமக்குத் தெரியாதே. அதனால் பட்டியல் சொல்லும் அடர்த்தியை மட்டும் மீறாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அரக்கை ஏ துணியாக வைத்து, மயில் நீலத்தில் நன்றாக வெளுத்த ஒரு சாயலை பி-க்கு எடுப்பேன். பின்னணிக்குப் பளீர் வெள்ளையைவிட சந்தன வெளிர் நிறம் அரக்கோடு நன்றாகச் சேரும். மஞ்சளை, பட்டியலில் மிகக் குறைவான அளவு கேட்கும் இடத்துக்கு வையுங்கள். கொஞ்சம் இருந்தாலே அது தூக்கலாகத் தெரியும்.

வர்ஜீனியாவைச் சேர்ந்த குவில்ட் வடிவமைப்பாளர் போனி ஹன்ட்டர் பல ஆண்டுகளாக மிஸ்டரி குவில்ட் நடத்துகிறார். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் முதல் குறிப்பு வரும். நிறங்களை அதற்கு முன்பே சொல்லிவிடுவார். அவர் பெயிண்ட் கடை நிற அட்டைகளை வைத்து நிறம் காட்டும் வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். நீங்களும் ஹார்டுவேர் கடையில் அந்த அட்டைகளை இலவசமாக எடுத்துக்கொண்டு துணி வாங்கப் போங்கள்.

பெரிய பூ, ஒரே பக்கம் பார்த்த யானை, கோடு எல்லாம் வேண்டாம். இரண்டரை அங்குலச் சதுரமாக வெட்டும்போது யானையின் கால் மட்டும்தான் மிஞ்சும். பொடி அச்சு அல்லது ஒரே நிறத் துணி போதும். பின்னணித் துணியை மட்டும் பட்டியலுக்கு மேல் அரை கஜம் கூடுதலாக, ஒரே சுருளிலிருந்து ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். அடுத்த சுருளில் சாயம் லேசாக மாறியிருக்கலாம். துணியும் கைவேலைப் பொருளும் விற்ற ஜோஆன் கடைகள் 2025-ல் மொத்தமாக மூடப்பட்டுவிட்டன. அதனால் ஊரில் இருக்கும் சின்னக் குவில்ட் கடைக்கே போங்கள். கஜத்துக்குச் சில டாலர் கூடுதலாக இருக்கும். ஆனால் சுருள்களை மேசையில் அடுக்கி, கடைக்காரரே கூட நின்று பார்த்துச் சொல்வார்.

அப்புறம், சுங்குடி. தயவுசெய்து அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டாதீர்கள். இங்கத்திய குவில்ட் துணியைவிட அது மெல்லிசு. கால் அங்குலம் மட்டும் விட்டுத் தைக்கும்போது ஓரம் பிரிந்து வரும், இழுபடும். அதை முழுசாகக் குவில்டின் அடிப்பக்கத்துக்குப் போடுங்கள். ஐந்தரை மீட்டர் புடவையை இரண்டாக வெட்டி, நடுவில் ஒரே தையல் போட்டுச் சேர்த்தால், மடியில் போர்த்தும் அளவுக் குவில்டுக்குத் தாராளமாகப் போதும். முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசி எடுங்கள். அரக்குத் துணிக்கும் இதே சோதனையைச் செய்துவிடுங்கள்.

வட்டக் கத்தி, வெட்டும் பாய், நீள அளவுகோல் எதையும் இப்போதே வாங்க வேண்டாம். குழுவில் இரவல் கேளுங்கள், கொடுப்பார்கள். துணி எடுத்ததும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எனக்கு அனுப்புங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை சேர்ந்து பார்த்துவிடலாம்.