மரம் என்று தேடினால் மரத்தடி வராது

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஊத்தங்கரை பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். விடுமுறை நாட்களில் பைக்கை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்து நடுகற்களைப் பார்த்துக் குறித்து வைப்பது என் வழக்கம். தருமபுரியில் உங்கள் பேச்சைக் கேட்டபோது, உங்கள் குறிப்புகள் எல்லாமே சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில்தான் இருக்கின்றன, குறிச்சொல் (டேக்) போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னீர்கள். நானும் முயன்றேன். ஒரு செயலியில் ஆரம்பித்து, அதற்குப் பணம் கட்டச் சொன்னதும் இன்னொன்றுக்கு மாறினேன். இப்போது இருநூறுக்கு மேல் குறிச்சொற்கள் சேர்ந்துவிட்டன. எதைப் போட்டேன் என்பதே நினைவில் இல்லை. பள்ளி வேலை, வீட்டு வேலை, கல் தேடும் வேலை எல்லாம் தனித்தனிப் பட்டியலாகக் கிடக்கின்றன. மாவட்டவாரியாக ஃபோல்டர் போடுவதா, குறிச்சொல்லா? தமிழில் போடுவதா, ஆங்கிலத்திலா? செய்ய வேண்டிய வேலைகளை எங்கே எழுதுவது? விரிவாக எழுத முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர், ஊத்தங்கரை

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்துக்கு நன்றி. பள்ளி வேலையோடு இதையும் செய்கிறீர்கள் என்பதே பெரிய மகிழ்ச்சி. நீங்கள் குறித்து வைப்பது பத்து வருடம் கழித்தும் உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில், இருநூறு குறிச்சொல் ஏன் சேர்ந்தது என்று பார்ப்போம். குறிப்பில் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் குறிச்சொல்லாகவும் போட்டிருப்பீர்கள். கல்லில் வாள் இருந்தால் #வாள், வில் இருந்தால் #வில், பக்கத்தில் ஏரி இருந்தால் #ஏரி. இது தேவையே இல்லை. குறிப்புக்குள்ளேயே 'வாள்' என்று எழுதியிருக்கிறீர்கள், தேடினால் அதுவே வந்துவிடும். குறிச்சொல்லின் வேலை வேறு. குறிப்பில் இல்லாத சொல்லை, ஆனால் பின்னால் நீங்கள் தேடப்போகிற சொல்லை, அதில் கொண்டுவந்து வைப்பதுதான் அது.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. நீங்கள் நடுகல் என்கிறீர்கள். ஊர்க்காரர்கள் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். தளி, ஓசூர் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் கேட்டால் வீரகல்லு என்பார்கள். களத்தில் நின்று எழுதும்போது அவர்கள் சொன்ன சொல்லைத்தான் எழுதுவீர்கள், அப்படித்தான் எழுதவும் வேண்டும். ஆனால் பின்னால் 'நடுகல்' என்று தேடினால் அந்தக் குறிப்பு வராது. அங்கே ஒரு #நடுகல் போட்டால் மூன்றும் ஓரிடத்தில் வந்து நிற்கும். ஊர்ச்சொல்லும் கெடாமல் அப்படியே இருக்கும்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இருப்பதைவிட நமக்கு இது அதிகம் தேவை. காரணம் நம் சொற்கள் வேற்றுமை ஏறும்போது உருமாறுகின்றன. 'மரம்' என்று தேடினால் 'மரத்தடி' வராது. 'ஆறு' என்று தேடினால் 'ஆற்றில்' வராது. மாடு, மாட்டை, கிணறு, கிணற்றில், குளம், குளத்துக்கு. அவ்வளவு ஏன், 'நடுகல்' என்று தேடினால் 'நடுகற்கள்' வராது. கணினிக்கு எழுத்து வரிசைதான் தெரியும், சொல் தெரியாது. 'மர' என்று பாதியோடு நிறுத்தித் தேடலாம், அப்போது மரபும் மரணமும் சேர்ந்து வந்து நிற்கும். மாறாத வடிவத்தில் ஒரு சொல் குறிப்பில் இருந்தாக வேண்டும் என்றால் அதைக் குறிச்சொல்லாகத்தான் வைக்க முடியும். அதனால் குறிச்சொல்லில் வேற்றுமை உருபு சேர்க்காதீர்கள். '#நடுகல்லுக்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள்' என்று வாக்கியத்துக்கு நடுவில் நுழைக்காமல் தனியாக நிறுத்துங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பலர் குறிப்பை எழுதி முடித்துக் கடைசி வரியில் குறிச்சொற்களைக் குவிக்கிறார்கள். கோப்புகளுக்குள் தேடும் கருவிகள் பெரும்பாலும் சொல் கிடைத்த வரியை மட்டும்தான் காட்டும். கடைசி வரியில் குறிச்சொல் மட்டும் இருந்தால், தேடலின் முடிவில் '#நடுகல் #நடுகல் #நடுகல்' என்றுதான் வரும், எந்தக் கல் என்று தெரியாது. அதனால் தேதியும் தலைப்பும் உள்ள முதல் வரியிலேயே வையுங்கள். நான் எழுதும் முறையில் ஒரு குறிப்பு இப்படி இருக்கும்:

2024-06-09 ஊருக்கு மேற்கே புளியமரத்தடி வேடியப்பன் #நடுகல் #படிக்காதது
கல் இடுப்புயரம். வலக்கையில் வாள், இடக்கையில் வில். தலைக்கு மேல் நான்கு வரி எழுத்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், இதற்கு ஜோடியாக இன்னொரு கல் ஏரிக்கரையில் கிடந்தது என்றார்.
#பாக்கி @ஊத்தங்கரை புளியமரத்தடி வேடியப்பன் கல் நிற்கும் நிலத்தின் புல எண், தாலுகா அலுவலகத்தில் கேட்க
#பாக்கி @அரூர் புளியமரத்தடி வேடியப்பன் கல்லின் எழுத்துப் படத்தைத் தமிழாசிரியரிடம் காட்ட

இப்போது #நடுகல் என்று தேடினால், தேதியும் இடமுமாக ஒரு பட்டியலே வந்துவிடும். தனியாக அட்டவணை போடத் தேவையில்லை. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் அது தானாகவே கால வரிசையிலும் நிற்கும். படங்களுக்கும் இதே தேதியில் பெயர் வைத்துவிடுங்கள்.

#படிக்காதது என்பதைக் கவனியுங்கள். எனக்குப் பிடித்த குறிச்சொல் அதுதான். கல்லில் எழுத்து இருக்கிறது, இன்னும் யாரும் படித்துச் சொல்லவில்லை என்ற நிலையை அது சொல்கிறது. குறிப்பில் எங்கேயும் இல்லாத செய்தி அது. படித்து முடித்த அன்று அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், படித்த பாடத்தைக் கீழே எழுதுங்கள். 'தொறு' என்று ஆநிரையைச் சொல்லும் சொல் அதில் இருந்தால் #ஆகோள், அதாவது ஆநிரை கவர்தல், என்று போட்டுக்கொள்ளலாம். மாடு பிடிச் சண்டையில் இறந்தவன் கல், புலியோடு பொருதி இறந்தவன் கல், இவற்றைப் பிரித்துப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு ஆளுக்கொன்று. வட்டெழுத்து என்ற பழைய எழுத்து முறையில் இருப்பவற்றைத் தனியாகப் பார்ப்பீர்கள் என்றால் அதற்கு ஒன்று. புதிதாக ஒன்றைச் சேர்க்கும் முன், இதை நான் எப்போதாவது தேடப்போகிறேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருபது, இருபத்தைந்துக்கு மேல் தேவைப்படாது.

வேலைகளுக்கு வருவோம். நீங்கள் தனித்தனிப் பட்டியல் வைத்திருப்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். வேலை எந்தக் குறிப்பில் பிறந்ததோ அங்கேயே இருக்கட்டும். அதைப் பெயர்த்து இன்னொரு பட்டியலுக்குக் கொண்டுபோனால் எதற்காக என்பது மறந்துபோகும். 'புல எண் கேட்க' என்று மட்டும் ஒரு பட்டியலில் இருந்தால், எந்தக் கல்லுக்கு என்று இரண்டு மாதம் கழித்து யாருக்குத் தெரியும்? அதனால்தான் மேலே வேலை வரி ஒவ்வொன்றிலும் கல்லின் அடையாளத்தைத் திரும்பவும் எழுதியிருக்கிறேன். தேடலில் தனியாக வந்து விழுந்தாலும் அந்த வரி முழுதாகப் புரிய வேண்டும்.

@ குறியை ஊருக்கும் இடத்துக்கும் வைத்திருக்கிறேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜினா ட்ரபானி என்ற எழுத்தாளர் 2006-இல் கொண்டுவந்த டூடூ.டிஎக்ஸ்டி என்ற முறையில், வேலையை எங்கே, எந்தச் சூழலில் செய்வது என்பதற்கு @, எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது என்பதற்கு + என்று இருக்கும். நான் @-ஐ மட்டும் எடுத்துக்கொண்டேன். நம்மைப் போல பஸ் பிடித்துப் போய் வேலை முடிக்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம். அரூருக்குக் கிளம்பும் காலையில் '#பாக்கி @அரூர்' என்று தேடுங்கள். கல் வேலை, வீட்டுக்கு வாங்க வேண்டியது, பள்ளி விஷயமாகப் பார்க்க வேண்டியவர் எல்லாம் ஒன்றாக வரும். மூன்று பட்டியல் எதற்கு? போகிறவர் ஒருவர்தானே. ஆனால் இரண்டு குறியையும் எப்போதும் இதே வரிசையில், நடுவில் ஒரே ஒரு இடைவெளி விட்டு எழுத வேண்டும். அப்போதுதான் எந்தச் சாதாரண எடிட்டரிலும் ஒரே தேடலில் கிடைக்கும்.

வேலை முடிந்ததும் வரியை அழிக்காதீர்கள். #பாக்கி என்பதை #முடிந்தது என்று மாற்றிப் பக்கத்தில் தேதி போடுங்கள். எந்த அலுவலகத்தில் எப்போது கேட்டோம் என்பது பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

மாவட்டவாரி ஃபோல்டர் வேண்டாம். பொருள்வாரியாகப் பிரித்தால், புலியோடு பொருதியவன் கல்லில் வட்டெழுத்தும் இருந்தால் அதை எந்த ஃபோல்டரில் போடுவீர்கள் என்ற வழக்கமான கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். நம் மாவட்டங்களே நகர்ந்திருக்கின்றன. உங்கள் ஊத்தங்கரை 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டம். அதற்குப் பிறகு தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004-க்கு முன் அச்சான கல்வெட்டு நூலில் உங்கள் ஊர்க் கல்லைத் தருமபுரி மாவட்டம் என்ற தலைப்பின் கீழ்தான் பார்ப்பீர்கள், அதற்கும் முந்தைய அறிக்கைகளில் சேலம் என்று இருக்கும். நூலிலிருந்து குறிப்பெடுக்கும்போது அதில் உள்ளபடியே எழுதிக்கொண்டு #ஊத்தங்கரை என்று போட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரு கோப்பு, அது போதும். ஃபோனில் உள்ள எளிய எடிட்டர்களில் ஒரு கோப்புக்குள் மட்டும்தான் தேட முடியும் என்பதால் அதுவே வசதியும் கூட. கணினியில் நோட்பேட்++ போன்ற ஒன்று இருந்தால் எல்லா வருடத்தையும் சேர்த்துத் தேடலாம். அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகிறது, ஆங்கில எழுத்துக்கு ஒன்றுதான். இருந்தாலும் இந்தப் பதிலைப் போல நூறு எழுதினாலும் ஃபோனில் எடுக்கும் ஒரே ஒரு படத்தின் அளவுக்குத்தான் வரும்.

தமிழா ஆங்கிலமா என்றால், குறிப்பு தமிழில் இருப்பதால் குறிச்சொல்லும் தமிழிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் விசைப்பலகையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும்.

சில செயலிகள் குறிச்சொல் எங்கே முடிகிறது என்பதைத் தப்பாகக் கணக்கிடும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் தனிக் குறியீடுகள். எழுத்து மட்டும்தான் சொல்லில் சேரும் என்று எழுதப்பட்ட நிரல் அவற்றை எழுத்தாக மதிக்காது. #புளி என்று நீங்கள் போட்டால் அது #ப என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் இருநூறில் ஒற்றை எழுத்துக் குறிச்சொற்கள் சில இருந்தால் காரணம் இதுதான், உங்கள் தவறு இல்லை. வெறும் தேடலை நம்பினால் இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்தது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள். தருமபுரியின் பழைய பெயரான தகடூர் பற்றி எழுதினால் அதியமானோடு ஔவையும் வருவார். ஔ என்ற ஓர் எழுத்தை அடிப்பவர்கள் உண்டு, ஒ அடித்துப் பக்கத்தில் ள அடிப்பவர்களும் உண்டு. திரையில் ஔவை, ஒளவை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. நான் குறிச்சொல்லில் #அவ்வை என்றே வைத்திருக்கிறேன், அதில் குழப்பத்துக்கு இடமில்லை. கௌரி, கெளரி என்பதற்கும் இதே கதைதான். கோப்பின் ஆரம்பத்திலேயே, பயன்படுத்தும் குறிச்சொற்களை எல்லாம் ஒருமுறை எழுதி வைத்து, அங்கிருந்து பார்த்து அடியுங்கள்.

மூன்றாவது, பழைய கோப்புகள். பள்ளியில் இருப்பதால் உங்களிடம் நிச்சயம் இருக்கும். பாமினியிலும் வானவில்லிலும் அடித்த ஆவணங்கள் அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது தமிழ்க் குறியீடு இல்லை. அவற்றில் எதைத் தேடினாலும் கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது, ஆனால் அதற்கு முந்தையவை அப்படியேதான் கிடக்கின்றன. கல் பற்றி யாராவது பழைய கட்டுரை கொடுத்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, அப்புறம் உங்கள் கோப்பில் ஒட்டுங்கள். மாற்றியதும் ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள். கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. பெயர்ச்சொற்களில் அது நடந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார்.

சரி, இருநூறை என்ன செய்வது? ஒரேயடியாக உட்கார்ந்து திருத்தப் பார்க்காதீர்கள், பாதியில் அலுத்துவிடும். அந்தச் செயலியிலிருந்து எல்லாவற்றையும் டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுங்கள், பழைய குறிச்சொற்கள் அதில் அப்படியே கிடக்கட்டும். இன்றைய தேதியிலிருந்து புதுக் கோப்பு. ஏதாவது வேலையாகப் பழைய குறிப்பு ஒன்றைத் திறக்கும்போது மட்டும் அதன் முதல் வரியைத் திருத்துங்கள். படிக்காத எழுத்துள்ள கற்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கு இந்த வாரமே #படிக்காதது போட்டுவிடுங்கள். எண்ணெயும் மஞ்சளும் ஏற ஏற எழுத்து மறைந்துகொண்டே போகும், சாலை போடும்போதும் ஏரி தூர்வாரும்போதும் கல்லே இடம் மாறிவிடும். அந்தப் பட்டியல் தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள். வட்டெழுத்து படிக்கத் தெரிந்த நண்பர்கள் தருமபுரியில் இருக்கிறார்கள், படங்களை அவர்களிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்.